பனியில் தொலைந்த பல்

"என்னங்க... டிவிஎஸ் 50 சத்தம் கேக்குது!" என்று என் மனைவி எழுப்பியபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து. நான் மூன்று போர்வைகளுக்கு அடியில் இருந்தேன்.

சாதாரணமாக இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாங்கள் அப்போது அருப்புக்கோட்டையில் இருந்திருந்தால், பால்காரர் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன். ஆனால் நாங்கள் இருந்தது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்குக் கோடியில், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு ஊரில். 2013 டிசம்பர் மாதம். வெளியே முழங்கால் அளவு பனி. பால்காரர் வர வாய்ப்பே இல்லை.

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில், வெள்ளை வெளேர் என்ற பனியில், சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நாலு சக்கரம். பலூன் மாதிரி உப்பிய டயர்கள். பின்னால் ஆறடிக் கம்பியில் ஒரு ஆரஞ்சுக் கொடி. மேலே ஒரு பெரிய ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே உற்றுப் பார்த்தால் ஒரு குழந்தை! நீலப் புகை, டூ ஸ்ட்ரோக் வாசனை, "பட்... பட்... பட்" சத்தம் எல்லாம் சாட்சாத் எங்கள் அப்பாவின் வண்டி. வண்டிக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர், கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியை ஓட்டிப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

என் ஏழு வயது மகன் ஏற்கெனவே ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்திருந்தான். மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்திருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பது பெரிய கதையல்ல. கிளையன்ட்டின் தொழிற்சாலை அங்கே இருந்தது. 'ஆன்சைட்' என்றதும் நியூயார்க், சுதந்திர தேவி சிலை என்று கற்பனை செய்துகொண்டு சூட்கேஸ் கட்டினேன். மானேஜர் கையைக் குலுக்கி, "நல்ல ஜாக்கெட்டா ஒண்ணு வாங்கிக்குங்க" என்றபோதே உஷாராகியிருக்க வேண்டும். 2014 ஜனவரி 6-ம் தேதி, குளிர் தாங்காது என்று கவர்னரே மாநிலம் முழுவதும் பள்ளிகளுக்கு லீவு விட்டார். நம்மூரில் மழைக்கு லீவு விடுவார்கள். இங்கே மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கு வந்தால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். ஆபீஸுக்கு மட்டும் லீவு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்த ஊரில் பனி ஒரு தொந்தரவு அல்ல, மைதானம். நவம்பரிலேயே பெரியவர்கள் பனி ஸ்கூட்டரைத் துடைத்து வைக்கிறார்கள். ஏரி உறைந்ததும் அதன் மேல் குடிசை போட்டு, ஓட்டை போட்டு, தூண்டில் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே மாநிலத்தில், எல்லையோரம், ரோஸோ என்று ஒரு ஊர். போலாரிஸ் கம்பெனி பனி ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தது அங்கேதான். 1985-லிருந்து இந்த நாலு சக்கர வண்டிகளையும் செய்கிறார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்குப் பட்டாசு எப்படியோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்ஜின் அப்படி.

இந்த வண்டியின் பூர்வீகத்தைப் பிறகு தாடிக்காரர்தான் எனக்குச் சொன்னார். (அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் கடைசிவரை அவர் தாடிக்காரர்தான்.) அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் விற்ற கடைக்காரர்களுக்கு ஒரு கவலை. பனிக்காலம் வந்தால் ஒருத்தனும் பைக் வாங்க வருவதில்லை. 'குளிர்காலத்திலும் விற்கிற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்க' என்று கேட்டார்கள். ஜப்பானில் யோசித்து, பலூன் டயர் போட்ட மூன்று சக்கர வண்டி ஒன்றை 1970-ல் அனுப்பினார்கள். அடுத்த வருடமே ஜேம்ஸ் பாண்ட் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் அதில் ஏறிப் பறந்தார். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஊரெல்லாம் ஓட்டினார்கள். ஊரெல்லாம் விழுந்தார்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், வளைத்தால் கவிழும். நம் ஆட்டோக்காரர்களைக் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்கள். 1982-ல் சுஸுகி நாலாவது சக்கரத்தைச் சேர்த்தது. 1988-ல் அமெரிக்க அரசாங்கம் கோர்ட்டுக்கு இழுத்து, மூன்று சக்கரத்தை இனி விற்பதில்லை என்று கம்பெனிகளிடம் எழுதி வாங்கியது. பெரிய வண்டிகளைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்றும் சேர்த்து.

1988 என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதே வருடம், அங்கே கோர்ட் எதுவும் தலையிடாமல், அருப்புக்கோட்டையில் ஒரு காரியம் நடந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். சொத்து என்று அவருக்கு இருந்தது அந்த டிவிஎஸ் 50 ஒன்றுதான். அதில் அவர் ஏற்றாதது கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணத்துக்குக் குடும்பம் மொத்தமும். முன்னால் நான் நிற்க, பின்னால் அம்மா, அம்மா மடியில் தங்கச்சி. போலீஸ்காரரே ஒதுங்கி வழி விடுவார். வண்டி என்றால் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது என்றுதான் எனக்கு அர்த்தம். தனியாகப் போகிறவனைப் பார்த்தால் 'என்ன, கோவிச்சுக்கிட்டுப் போறானா?' என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். சாவி ஆணியில். பெடலை மிதித்தேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது! எட்டு வயதுத் தங்கச்சி வாசலில் நின்றாள். "ஏறிக்கடீ" என்றேன். தெருமுனைத் திருப்பத்தில் மணல். வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் கால் மேல் சைலன்ஸர். எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து இங்க் பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். கணுக்காலுக்கு மேலே, தோசைக் கரண்டி அகலத்துக்கு ஒரு தழும்பு. இன்றைக்கும் இருக்கிறது.

அப்பா அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து முன் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினார். அந்தச் சங்கிலி எனக்குள்ளேயும் எங்கோ மாட்டிக்கொண்டது. இருபத்து நான்கு வயதில்தான் லைசென்ஸ் எடுத்தேன். இன்றைக்கும் எந்த வண்டியிலும் எனக்கு இரண்டு கையும் வியர்க்கும். சென்னையில் பீக் ஹவரில் என் பின்னால் வந்து, ஹாரனை அமுக்கி அமுக்கிக் கை வலித்தவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

ஆகவே என் மகன் மூன்றாவது நாள் வாயைத் திறந்து, "அப்பா, நானும்..." என்றபோது, "கூடாது" என்று வாக்கியம் முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

மனைவி என் பக்கம். பள்ளிக்கூடத்துக்காக அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது அந்த டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரிக்காமல், "பதினாறு வயசு ஆகற வரைக்கும் வேண்டாம்" என்றாராம். அது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே ரொம்ப வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறது. ஆனால் கடையில் விற்கிற வண்டியில், 'ஆறு வயதுக்கு மேல்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது! டாக்டர் பதினாறு, கடைக்காரர் ஆறு. நடுவில் பத்து வருடத்தை அப்பாக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் போல.

தாடிக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். பையனுக்கு எட்டு. பெண்ணுக்கு அந்த நவம்பரில்தான் ஆறு முடிந்தது. ஆறு முடிகிற வரை அவளை வண்டியில் உட்காரவே விடவில்லையாம். பிறந்தநாளன்று காலையில் எழுந்து பல்கூட விளக்காமல் ஹெல்மெட்டோடு வந்து நின்றாளாம்.

அந்த மனிதரை நான் முதலில் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். குழந்தையிடம் இன்ஜினைக் கொடுக்கிறாரே, விவஸ்தை கெட்ட மனுஷன் என்று. வேலி ஓரமாக நின்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஆசாமி எங்கள் அப்பாவைவிடக் கெடுபிடி. ஒவ்வொரு தடவையும் முதல் வேலை, மூன்று பேரும் ஆளுக்கொரு குச்சியோடு கொல்லையை நடந்து வர வேண்டும். பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குத்திப் பார்க்க வேண்டும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, மறந்துபோன தோட்டத்துக் குழாய், பழைய வேலிக் கம்பி எதுவும் மேலே தெரியாது. வெள்ளைப் போர்வை போர்த்திய மெத்தை மாதிரித்தான் இருக்கும். எங்கே எது இருக்கிறதோ அங்கே குச்சியை நட்டு ஒரு சிவப்புத் துணி. அப்புறம்தான் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை. ஒரு ஆளுக்கு இருபது நிமிடம். விரல் மரத்துவிட்டதா என்று கையுறையைக் கழற்றிப் பார்ப்பார். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது.

அந்தக் கயிற்றின் ரகசியமும் அப்போது புரிந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு சுவிட்ச். கயிற்றை இழுத்தால் அது பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். கைப்பிடியில் ஒரு ஸ்குரூ. அதைத் திருகித் திருகி வேகத்தை மட்டுப்படுத்தலாம். முழுசாகத் திறந்துவிட்டாலும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டாது. பெண்ணுக்கு அவர் வைத்திருந்தது, பின்னால் கயிற்றோடு ஒருவர் நடந்து வருகிற வேகம். நம் கோயில் தேர்கூடச் சற்று முந்திவிடும்!

"ஏன் பனியில கத்துக் கொடுக்கறீங்க? வெயில் வந்ததும் கொடுக்கலாமே?" என்று கேட்டேன். அவர் ஒரு குச்சியால் பனியில் படம் போட்டார். காரிலும் ஆட்டோவிலும் வளையும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற, பின்னால் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இதில் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில், ஒரே வேகத்தில் சுற்றும். ஆகவே வளைய வேண்டுமென்றால் ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும். தார் ரோட்டில் வழுக்காது, பிடித்துக்கொண்டு கவிழ்க்கும். பனியில் சாதுவாக வழுக்கும். உடம்பைச் சாய்த்துத் திருப்பப் பிள்ளை நிதானமாகக் கற்றுக்கொள்ளும். விழுந்தாலும் பஞ்சு.

நான் இன்ஜினீயரிங் படித்தவன். டிஃபரன்ஷியல் படம் போட்டுப் பதினாறு மார்க் வாங்கியவன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. மனைவி, மகன், நான், தாடிக்காரர் என்று வட்டமேஜை மாநாடு. முடிவில் மனைவி இறங்கி வந்தாள். நிபந்தனைகள்: கயிறு எப்போதும் பெரியவர் கையில், நடை வேகம், வாரத்துக்கு ஒரு தடவை, அவள் ஜன்னலில் இருக்கும்போது மட்டும். பிப்ரவரி முதல் வாரம் என் மகன் ஏறி உட்கார்ந்தான். சின்னப் பெண்ணின் ஹெல்மெட். கட்டை விரலால் த்ராட்டிலை அமுக்கினான். வண்டி அரை அடி போய் நின்றது. மறுபடி அமுக்கினான். நாலு அடி. ஹெல்மெட்டுக்குள் அவன் என்னவோ கத்தினான். சந்தோஷமா பயமா என்று தெரியாமல் நான் பின்னாலேயே ஓடினேன். கடன் வாங்கிய பூட்ஸ், ஒரு காலை எடுத்தால் இன்னொரு கால் புதையும். ஜன்னலில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. என்னைப் பார்த்துத்தான்.

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. எனக்கே ஒரு தைரியம். கயிறு பிடிப்பதில் நான் கொஞ்சம் எக்ஸ்பர்ட் ஆகிவிட்டதாகக்கூட நினைப்பு.

மூன்றாவது சனிக்கிழமை. தாடிக்காரரின் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். என் மகன் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றான். ஹெல்மெட் எல்லாம் மாட்டியாயிற்று, குளிரில் ஒரு காலும் இன்னொரு காலுமாகக் குதித்துக்கொண்டிருந்தான். உள்ளே போன் அடித்தது. தாடிக்காரர் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம்" என்று போனார். மனைவியும் அந்த நேரம் பார்த்து ஜன்னலை விட்டுப் போய்விட்டாள். குக்கர் விசில்!

அந்தப் பையன் வண்டியை என் மகன் முன்னால் நிறுத்தி, சீட்டில் முன்னால் நகர்ந்து, பின்பக்கத்தைத் தட்டினான். 'வா, ஏறிக்கோ.'

என் மகன் என்னைப் பார்த்தான்.

அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயமே தோன்றவில்லை. குளிரைப் பார்த்துப் பயந்தேன், வேகத்தைப் பார்த்துப் பயந்தேன், பனிக்கு அடியில் இருக்கிற கட்டையைப் பார்த்துப் பயந்தேன். ஒருவன் இன்னொருவனைப் பின்னால் ஏற்றிக்கொள்வதில் பயப்பட என்ன இருக்கிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்து நான்கு மாதம், பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று இரண்டு தடவை அழுதவன். அவனை ஒருத்தன் பின்சீட்டைத் தட்டிக் கூப்பிடுகிறான்! சீட்டும் நீளமாகத்தானே இருந்தது? மட்கார்டில் இரண்டு ஆள் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்த ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. தினமும் பார்த்ததுதான். 'படியில் பயணம் செய்யாதீர்' என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

"சரி, மெதுவா" என்றேன். தமிழில்.

கொல்லையின் ஓரத்தில், வாசலிலிருந்து தள்ளிய பனி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பையன் தனியாக அதில் பத்துத் தடவை ஏறி இறங்கியிருக்கிறான். இப்போதும் ஏறினான். பின்பக்கம் கூடுதலாக என் மகனின் இருபத்து மூன்று கிலோ. முன் சக்கரங்கள் இரண்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தன.

கயிற்றை இழுத்தேன். இன்ஜின் நின்றது. வண்டி நிற்கவில்லை.

பையன் ஒரு பக்கமாக உருண்டு விழுந்தான். வண்டி பின்பக்கமாக மல்லாந்தது. என் மகன் அதற்கு அடியில். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறதே தவிர, அந்த வண்டி நூறு கிலோ. எனக்குத் தெரிந்தது ஒரு நீலப் பூட்ஸ் மட்டும்தான். பனியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, ஆடாமல் இருந்தது.

எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கத்தினேன் போலிருக்கிறது. தாடிக்காரர் ஓடி வந்தார். காலில் வெறும் சாக்ஸ். இரண்டு பேருமாக வண்டியைப் புரட்டித் தள்ளினோம். பனியை அள்ளி அள்ளி எறிந்தோம். மெத்தையில் தலையணை அழுந்திய மாதிரி, அவன் உருவத்துக்கு ஒரு பள்ளம். அதில் கிடந்தான். ஹெல்மெட்டுக்குள் கண்கள் திறந்திருந்தன. வாயில் ரத்தம்.

"அப்பா... பல்லு விழுந்துருச்சு" என்றான்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல். ஒரு வாரமாக நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஈரமாக இறுகிய பனியாக இருந்தாலோ, தரையாக இருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. சொல்லாமல் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். இந்த வண்டிகளில் சாகிறவர்களில் கணிசமான பேர் பதினாறு வயதுகூட ஆகாதவர்கள் என்பதையும், நீள சீட் இரண்டு பேர் உட்கார அல்ல, ஓட்டுகிற ஒரே ஆள் மேட்டில் முன்னாலும் சரிவில் பின்னாலும் நகர்ந்து உட்காருவதற்கு என்பதையும் அன்றிரவு தூக்கம் வராமல் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் தாடிக்காரர் தன் பையனை முன்னால் நிறுத்தினார். கால்களில் இன்னும் அதே ஈர சாக்ஸ், மேலே அவசரத்தில் மாட்டிய யாருடையதோ செருப்பு. "ரெண்டு பேர் ஏறலாம்னு யார் சொன்னது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. பையன் அழுதுகொண்டே, "நான்தான்" என்றான். என் மகன் நாற்காலியிலிருந்து பஞ்சைக் கடித்தபடி, "நானும்தான்" என்றான்.

1988-ல் அப்பா இதே கேள்வியைத்தான் கேட்டார். "அவளை யாருடா ஏறச் சொன்னது?" நான் பேசாமல் நின்றேன். இங்க் வழிகிற காலோடு தங்கச்சிதான், "நானாத்தான் ஏறினேம்ப்பா" என்றாள். திட்டு முழுவதும் அவளுக்கு. நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்பா இருந்த வரைக்கும் இல்லை.

"பசங்களைக் கேக்காதீங்க" என்றேன். "எங்கிட்டதான் கேட்டாங்க. நான்தான் சரின்னேன்."

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கயித்தை உங்க கையில கொடுத்தப்ப இதைச் சொல்லாம போனது என் தப்பு" என்றார். "இதைச் சொல்லணும்னே எனக்குத் தோணலை."

அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு காபியை மெஷினில் பிடித்துக் குடித்தோம். கண்றாவியாக இருந்தது.

மனைவி என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். அந்த நாலு நாளே தேவலை என்று ஆகிவிட்டது. வண்டி விவகாரத்தில் தீர்ப்பு: அப்பீல் கிடையாது, பதினாறு வயது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லும் தகுதி இல்லை. மகன் இரண்டு நாள் அழுதான். அப்புறம் குச்சியோடு கொல்லையைக் குத்திப் பார்க்கும் வேலைக்கு மட்டும் போய்வர அனுமதி வாங்கினான். அதில் அவன்தான் சூரன் என்று அந்தச் சின்னப் பெண் சர்டிபிகேட் கொடுத்தாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் திண்டுக்கல்லில் டீச்சர். நடந்ததைச் சொன்னேன். பழையதையும் சொன்னேன். "நீ ஏன்டீ அன்னிக்கி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ வண்டியப் பூட்டிட்டா அப்புறம் என்னைய யாரு ஏத்திட்டுப் போவான்னுதாண்ணே. அப்பதான் ரொம்ப நல்லா இருந்துச்சு, அந்தக் காத்து" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வரும்போது நல்லதா ஒரு ஹேண்ட்பேக் வாங்கிட்டு வா. இருபத்தஞ்சு வருஷத்துக்கு வட்டி" என்றாள்.

பல் விஷயம் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் அதைத் தேடத் தோன்றவில்லை. மறுநாள் தேடினோம். வெள்ளைப் பனியில் வெள்ளைப் பல்! பள்ளிக்கூடத்தில் அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை வந்து காசு வைக்குமென்று. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிய வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். எப்படி இருந்தாலும் பல் வேண்டுமே.

ஏப்ரலில் பனி உருகியது. ஒரு பருவம் முழுவதும் தொலைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒற்றைக் கையுறை மூன்று, ஒரு பந்து, உடைந்த கொடிக் கம்பி, தாடிக்காரரின் ஸ்பானர். பிள்ளைகள் மூன்று பேரும் ஈரப் புல்லில் மண்டியிட்டு, இரண்டு சாயங்காலம் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். பல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சின்னப் பெண் கையை மூடிக்கொண்டு வந்தாள். விரித்தால், அரிசி போல ஒரு வெள்ளைக் கூழாங்கல்.

என் மகன் அதை வாங்கிப் பார்த்தான். பல் இல்லை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாணிக்கு அந்த ஊரில் எங்கே போவது? ஈர மண்ணில் உருட்டினான். மூன்று பேரும் வீட்டின் முன்னால் வரிசையாக நின்றார்கள். எறிந்தான். அமெரிக்கக் கூரை, ஏகச் சரிவு. கல் உருண்டு உருண்டு திரும்ப அவன் காலடியிலேயே வந்து விழுந்தது.

எடுத்து மறுபடி எறிந்தான்.